கேள்வி–பதில்: சுரங்க அனுமதியும் ஊர்க் கிணறும்

நிலக்கரிச் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியே கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்; கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுரங்கத்தை விரிவாக்குவதற்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் வைத்திருக்கும் வரைவு அறிக்கை அறுநூறு பக்கத்துக்கு மேல், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் கொடுத்த சுருக்கம் இருபது பக்கம். கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எதைப் படிப்பது, எதை விடுவது?
— ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: தமிழ்ச் சுருக்கத்தில் ‘பாதிப்பு மிகக் குறைவு’ என்ற முடிவு இருக்கும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது ஆங்கில அறிக்கையின் அட்டவணைகளில்தான் இருக்கும். எனவே அறுநூறு பக்கத்தையும் முதலிலிருந்து படிக்க முயலாமல், மூன்று இடங்களை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஆங்கிலம் அறிந்த ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். அட்டவணைகளில் எண்கள்தான் அதிகம், மொழி குறைவு.

முதலாவது, ஆய்வு வரையறைக் கடிதம். 2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஆய்வு தொடங்கும் முன்பே ‘இன்னின்னவற்றை ஆராய வேண்டும்’ என்று அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் தரப்படுகிறது. அந்தக் கடிதமும், ஒவ்வொரு அம்சத்துக்கும் எந்தப் பக்கத்தில் விடை உள்ளது என்ற அட்டவணையும் வழக்கமாக அறிக்கையோடு இணைக்கப்பட்டிருக்கும். அதில் நிலத்தடி நீர், ஓடைகள், ஏரிகள் தொடர்பான அம்சங்களை மட்டும் குறித்துக்கொண்டு, சொல்லப்பட்ட பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கம் இருக்கும், சில சமயம் அந்தப் பக்கத்தில் விடை இருக்காது, அதே கேள்வி வேறு சொற்களில் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, கிணறுகளின் அட்டவணை. சுரங்க எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் தேர்ந்தெடுத்த கிணறுகளின் ஊர்ப் பெயர், ஆழம், மழைக்கு முந்தைய நீர்மட்டம், மழைக்குப் பிந்தைய நீர்மட்டம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உங்கள் ஊரின் கிணறு ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால், அது யாருடைய கிணறு, அளந்தபோது ஊரில் எவரேனும் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிக்கையைப் படித்தபோது, பதினெட்டுக் கிணறுகளிலும் மழைக்கு முன்பும் பின்பும் உள்ள வித்தியாசம் தசம இடம் பிசகாமல் ஒரே அளவாக இருந்ததைக் கண்டேன். ஒரு கிணற்றின் எண்ணை எழுதிவிட்டு மற்றவற்றைக் கூட்டல் கழித்தலில் நிரப்பியிருக்கிறார்கள் என்பது தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அளந்த தேதிகளையும் பாருங்கள். அடிப்படைத் தரவு பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தில், மார்ச் முதல் மே வரை, எடுக்கப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கோடையில் எடுத்த தரவை மட்டும் வைத்துக்கொண்டு ஐப்பசியில் சுரங்கத்து நீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்று சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய தரவை ஏற்பதில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே அறிவுறுத்தியிருப்பதால், ஆண்டையும் சரிபாருங்கள்.

மூன்றாவது, நீர்க்கணக்கு. சுரங்கத்துக்குள் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு தூசி அடக்கவும் செடிகளுக்கும் செலவாகிறது, எவ்வளவு வெளியே விடப்படுகிறது என்ற அட்டவணை இது. இதைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். எடுத்துக்காட்டாக, 300 ஹெக்டேர் பரப்புள்ள குழி ஒன்றில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால், குழிக்குள் நேரடியாக விழும் நீர் 36 லட்சம் கன மீட்டர். இதை 365ஆல் வகுத்து ‘நாளொன்றுக்குச் சுமார் 10,000 கன மீட்டர்’ என்று அறிக்கை எழுதிவிடும். அதற்கேற்ற பம்புகளும் படிவுக் குட்டையும் காட்டப்படும். ஆனால் நம் ஊர் மழை 365ஆல் வகுபட்டுப் பெய்வதில்லை. புயல் நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் அன்று ஒரே நாளில் 3 லட்சம் கன மீட்டர் சேரும். மணிக்கு 1,000 கன மீட்டர் இறைக்கும் பம்பு அதை வெளியேற்றப் பன்னிரண்டரை நாள் ஓட வேண்டும். அந்தச் சேற்று நீர் படிவுக் குட்டையில் தங்கித் தெளியுமா, தெளியாமலே வாய்க்காலுக்குப் போகுமா என்பதே கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்விகளைப் பக்க எண்ணோடு எழுதி, பேசும்போதே எழுத்துப் பிரதியையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். எழுப்பப்பட்ட முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்கு விடை கூறி, அறிக்கையில் உரிய மாற்றம் செய்த பின்னரே நிறுவனம் இறுதி அறிக்கையை அளிக்க வேண்டும் என்பது அறிவிக்கையின் விதி. ‘சுரங்கம் வேண்டாம்’ என்ற குரலை எதிர்ப்பு என்று ஒரு வரியில் பதிவு செய்துவிடலாம். ‘214ஆம் பக்கத்து அட்டவணையில் எங்கள் ஏரி ஏன் இல்லை’ என்பதற்கு விடை எழுதியே ஆக வேண்டும்.

கேள்வி: நான் வேறு மாவட்டத்தில் வசிக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் பேசலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நேரடிக் கூட்டம் அப்பகுதியில் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கானது. அக்கறைக்கு நியாயமான காரணமுள்ள மற்றவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். அதுவும் கலந்தாய்வின் ஒரு பகுதியே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

கேள்வி: ஓர் அறிக்கையில் ‘சுரங்கத்தின் தாக்க எல்லை 570 மீட்டர், அதற்கு அப்பால் கிணறுகளுக்குப் பாதிப்பில்லை’ என்று உறுதியாக எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது?
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: 570 என்ற எண்ணைப் பார்த்ததுமே அது எந்தச் சூத்திரத்திலிருந்து பிறந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நீரியல் அறிக்கைகளில் சிச்சார்ட் சூத்திரம் என்று ஒன்று விடாமல் இடம்பெறும். நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறக்கப்படுகிறதோ அதை, மண்ணின் நீர்க்கடத்து திறனுடைய (மண் வழியே நீர் எவ்வளவு வேகமாகக் கசியும் என்ற அளவின்) வர்க்கமூலத்தால் பெருக்கி, பிறகு 3,000ஆல் பெருக்கினால் தாக்கத்தின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். நீர்மட்டத்தை 60 மீட்டர் இறக்குவதாகவும், நீர்க்கடத்து திறன் நொடிக்கு 0.00001 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 570.

இப்போது அந்தத் திறனைப் பத்து மடங்கு கூட்டி 0.0001 என்று வையுங்கள். விடை 1,800 மீட்டராகிவிடுகிறது. மணற்பாங்கான படிவுகளில் ஒரே கிராமத்தின் இரண்டு மூலைகளுக்கிடையே பத்து மடங்கு வேறுபாடு இருப்பது அதிசயமன்று. 570 மீட்டருக்கு அப்பால் கிணறு வைத்திருப்பவரின் கதி, யாரோ ஒருவர் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நீர் இறைத்துச் சோதனை செய்தார் என்பதில் அடங்கியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஆரத்தை அன்று, அந்தத் திறனை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை. களத்தில் நீரிறைப்புச் சோதனை நடத்தினார்களா, எந்தக் கிணறுகளில், எத்தனை மணி நேரம், அல்லது பாடநூல் அட்டவணையிலிருந்து ‘மணற்கல்லுக்கு இவ்வளவு’ என்று எடுத்துக்கொண்டார்களா?

இன்னும் அடிப்படையான ஒரு குறையும் உண்டு. சிச்சார்ட் சூத்திரம் அனுபவத்தில் தோன்றிய ஒரு தோராயம். அதில் காலம் என்ற ஒன்றே கிடையாது. ஓர் ஆண்டு இறைத்தாலும் முப்பது ஆண்டு இறைத்தாலும் அது ஒரே விடையைச் சொல்லும். கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது சில மாதங்களுக்குத் தண்ணீரை இறைத்து வைக்கும் வேலைக்கு அது போதும். ஒரு தலைமுறைக் காலம் இரவும் பகலும் இறைக்கப்படும் சுரங்கத்துக்கு, அதுவும் மேலும் கீழும் களிமண் மூடிய அழுத்த நீர்த்தாங்கியிலிருந்து (நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நிலத்தடி அடுக்கிலிருந்து) இறைக்கும்போது, தாக்கம் பல கிலோமீட்டர் பரவக்கூடும். அத்தகைய இடங்களில் ஐந்து, பத்து, இருபது ஆண்டுகளின் முடிவில் நீர்மட்டம் எங்கெங்கே எவ்வளவு இறங்கும் என்று வரைபடமாகக் காட்டும் கணினி மாதிரியைக் கேட்க வேண்டும். ஒற்றை வட்டத்தைக் காம்பஸால் வரைந்து கொடுப்பது ஆய்வாகாது.

கேள்வி: நெய்வேலியில் ஏன் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்? மழைத் தண்ணீர்தானே அது?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: மழைத் தண்ணீர் ஒரு பகுதிதான். மற்றது கீழிருந்து வருவது.

நெய்வேலியின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கருநிறப் பொருள் வெளிவந்ததும், அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரிய வந்ததும் அந்தப் பகுதியில் பலரும் சொல்லிக் கேட்டிருக்கலாம். 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961இல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. இடையில் இருந்த பெரிய தடை, நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த ஊற்று நீர். அதன் மேல்நோக்கிய அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியை அடியில் பொருத்தியதற்குச் சமம். மேலேயிருக்கும் மண்ணின் எடைதான் அதுவரை அந்த நீரை அமுக்கி வைத்திருந்தது. மண்ணை வெட்டி எடுத்துவிட்டால், மிஞ்சியிருக்கும் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலே வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஆழ்துளைக் கிணறுகளை அமைத்து, வெட்டும் இடத்தில் அழுத்தத்தைத் தொடர்ந்து குறைத்துவைக்கிறார்கள். பம்பை நிறுத்தினால் சுரங்கம் இல்லை.

இப்படி இறைக்கும் நீர் வீணாகிறது என்று சொல்ல முடியாது. அனல்மின் நிலையங்களும் நகரியமும் அதைப் பயன்படுத்துகின்றன. ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. அந்த ஏரிகளின் ஆயக்கட்டுக்காரர் இதை வரமாகவே பார்க்கக்கூடும். அதே நீர்த்தாங்கியில் சில கிலோமீட்டருக்கு அப்பால் போர் போட்டிருக்கும் விவசாயி, ஒவ்வொரு சில ஆண்டுக்கும் குழாயை ஆழப்படுத்திக்கொண்டே போனால், அவருக்கு அது வேறாகத் தெரியும். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மேல்மட்டத்து ஏரியும் ஆழத்து ஊற்றும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். அனுமதியைப் பரிசீலிக்கும்போது அறிக்கை இந்த இரண்டையும் ஒரே வரியில் கூட்டி, ‘நீர் சமுதாயத்துக்கே திருப்பித் தரப்படுகிறது’ என்று முடித்தால் அதை ஏற்கக் கூடாது. ஏரியில் விட்ட நீர் களிமண் அடுக்கைத் தாண்டி ஆழத்து நீர்த்தாங்கிக்குத் திரும்புகிறதா, எங்கே திரும்புகிறது, எத்தனை காலத்தில் என்று தனியே காட்ட வேண்டும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுப் பாதைக்காக விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. நிலம் கையகப்படுத்தியது பற்றிய வாதங்களே அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. ஓர் ஆற்றின் பாதையை மாற்றுவது நீரியல் பரிசீலனையில் எத்தனை பெரிய அம்சம் என்பது அந்தக் கூச்சலில் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். சரியா?
— ஒரு வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: சரியன்று, இரண்டும் வேறு வேறு தாள்கள். சுற்றுச்சூழல் அனுமதி 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வாரியத்தின் இசைவாணை 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ், நிறுவ ஒரு முறையும் இயக்க ஒரு முறையும் தரப்படுவது; இயக்குவதற்கான இசைவைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். காட்டு நிலம் இருந்தால் மூன்றாவது தாள் ஒன்றும் வேண்டும். எல்லாவற்றிலும் உள்ள நீர் அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அனுமதியில் ஒரு வெளியேற்ற அளவும் இசைவாணையில் அதைவிடக் கூடுதலான அளவும் இருந்தால், அந்த ஒரு முரண்பாடே ஒரு மனுவுக்குப் போதுமானது.

கேள்வி: சுரங்கத்திலிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, மாடு வாய் வைப்பதில்லை. புகார் கொடுத்தால், ‘எல்லா அளவுகளும் வரம்புக்குள் உள்ளன’ என்று பதில் வருகிறது. யார் சொல்வது பொய்?
— ஒரு வாசகர், ஊர் குறிப்பிட விரும்பவில்லை

பதில்: எவரும் பொய் சொல்லாமலே இது நடக்கும். நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவுநீருக்கென்று 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தரநிலையில் ஐந்து அளவுகள் உள்ளன. கார அமிலத் தன்மை 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பாசன நிலத்தில் விடுவதானால் 200, எண்ணெய்ப் பசை 10, வேதி ஆக்சிஜன் தேவை 250, நைட்ரேட் நைட்ரஜன் 10. இந்தப் பட்டியலில் சல்பேட் இல்லை, கடினத்தன்மை இல்லை, கரைந்த உப்பு இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையோ கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்புடையது என்கிறது. உங்கள் மாடு குடிநீர்த் தரநிலையைப் பின்பற்றுகிறது. நிறுவனம் கழிவுநீர்த் தரநிலையைப் பின்பற்றுகிறது.

மாதிரி எடுத்த நேரத்தையும் கேளுங்கள். வெயில் நாளில் காலை பதினொரு மணிக்கு எடுத்த மாதிரிக்கும், முந்தின இரவு மழை பெய்து குட்டை நிரம்பி வழியும்போது எடுத்த மாதிரிக்கும் சம்பந்தமே இருக்காது. கடந்த ஓராண்டில் எடுத்த எல்லா மாதிரிகளின் தேதி, நேரம், இடம், முடிவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாரியத்திடம் கேட்டு, அந்தத் தேதிகளை மழைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழை நாளில் ஒரு மாதிரிகூட இல்லையென்றால் அதையே மனுவின் முதல் வரியாக எழுதுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. வடகிழக்கு மாநிலங்களின் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. அங்கே இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. நீர் எலுமிச்சைச் சாறுபோல் புளித்து, கரையெல்லாம் துருப் படிகிறது. மேகாலயாவின் ஜெயிந்தியா மலையில் லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறுவதையும், அதற்கு, ஆள் தவழ்ந்து நுழையும் குறுகிய எலிவளைச் சுரங்கங்களின் அமில நீர் காரணமாகச் சொல்லப்படுவதையும் கேட்டிருப்பீர்கள். அந்த முறையைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. நாட்டின் பெரும்பாலான நிலக்கரி வயல்களில் கந்தகம் குறைவு என்பதால் அங்கே நீர் புளிப்பதைவிடக் கலங்குவதும் உப்பேறுவதுமே அதிகம். கலங்கல் கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது; நான்கைந்து போகத்துக்குப் பிறகு வயலில் வெள்ளை பூக்கும்போதுதான் தெரியும்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் மூன்று சுரங்கங்கள் இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து யார் கணக்குப் பார்ப்பது? மற்ற நாடுகளில் எப்படி?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நம் முறையில் அறிக்கையைத் தயாரிப்பவர் நிறுவனம் அமர்த்திப் பணம் கொடுக்கும் ஆலோசகர். கூட்டுத் தாக்கத்தையும் பாருங்கள் என்று ஆய்வு வரையறையில் சொல்லப்பட்டாலும், பக்கத்துச் சுரங்கத்தின் பம்பு எண்ணிக்கையை அந்த ஆலோசகர் துருவித் தேடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். ஒவ்வோர் அறிக்கையும் தன் வட்டத்தை மட்டும் வரைகிறது. மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இருப்பவரின் கிணறு எந்த அறிக்கைக்கும் சொந்தமில்லை.

அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கழிவு நீரைத் தேக்கியிருந்த கரை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் 1977இல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்தது. தன் சுரங்கத்தால் நீருக்கு என்ன நேரக்கூடும் என்பதை விண்ணப்பிப்பவர் எழுத வேண்டும். அந்தப் பகுதியில் உள்ள எல்லாச் சுரங்கங்களுக்குமான கூட்டு நீரியல் மதிப்பீட்டை அனுமதி தரும் அரசு அமைப்பே செய்ய வேண்டும். சுரங்க எல்லைக்கு வெளியே நீர்ச் சமநிலைக்குக் கணிசமான சேதம் வராதபடி சுரங்கம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கண்டறிந்த பின்னரே அனுமதி தரலாம். திறந்தவெளிச் சுரங்கத்தால் ஒருவரின் கிணறு வற்றினாலோ கெட்டாலோ நிறுவனம் மாற்று நீர் தர வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் உண்டு. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. மலையுச்சிகளை வெட்டி ஓடைகளில் கொட்டியதும் இதே சட்டம் நடப்பில் இருந்தபோதுதான். ஆனால் கூட்டுக் கணக்கை விண்ணப்பதாரர் தலையில் கட்டாமல் அரசே செய்ய வேண்டும் என்ற அந்த ஒரு விதியை மட்டுமாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: உடனே செய்ய வேண்டியது ஒன்று: நாளைக் கணக்கிடுங்கள். அனுமதி ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நிபுணர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத்தளத்தில் கிடைக்கும். கூட்டத்தில் நீங்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் அங்கே எப்படிப் பரிசீலிக்கப்பட்டன என்று பாருங்கள். கோவாவின் இரும்புத் தாதுச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில், ஆட்சேபங்களை ஏற்காததற்கு நிபுணர் குழு காரணம் கூற வேண்டும் என்று 2009 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணமே இல்லாத குறிப்பு, மேல்முறையீட்டில் வலுவான வாதம்.

காலம் கடந்துவிட்டாலும் அனுமதியின் நிபந்தனைகள் காலாவதியாவதில்லை. நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்ற அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிறுவனம் அளிக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். இது தவிர, சென்ற நிதியாண்டின் நீர்ச் செலவும் கழிவும் அடங்கிய சுற்றுச்சூழல் அறிக்கையைச் செப்டம்பர் 30க்குள் வாரியத்துக்குத் தர வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றில் எழுதிய நீரளவு மற்றொன்றில் மாறியிருப்பதை நானே இருமுறை கண்டிருக்கிறேன். ‘நிபந்தனை பின்பற்றப்படுகிறது’ என்ற ஒற்றை வரிப் பதில்களை ஒரு நிறத்திலும், எண்ணும் தேதியும் உள்ள பதில்களை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். எந்த நிறம் அதிகம் என்று பார்த்தாலே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: நிலக்கரி தீர்ந்த பிறகு அந்தக் குழி என்ன ஆகும்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: மண்ணைத் திருப்பிக் கொட்டி மூடியது போக, கடைசியில் மூடாமல் நின்றுபோகும் பள்ளம் நீர் நிரம்பி ஏரியாகும். மூடும் செலவுக்காக நிறுவனம் தனிக் கணக்கில் பணம் கட்டிவர வேண்டும் என்று நிலக்கரி அமைச்சகம் 2009இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அன்றைய விலையில் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய். அறிக்கையில் அந்த ஏரியை மீன் வளர்க்கவும் படகு விடவும் ஏற்றது என்று வண்ணப்படம் போட்டுக் காட்டுவார்கள். அதன் நீர் எத்தனை ஆண்டில் நிரம்பும், நிரம்பிய பின் உப்பு எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் படம் மட்டுமே இருக்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரு திறந்த கிணறும் ஒரு போரும். படிப்பு ஏழாம் வகுப்பு. நான் என்ன செய்யலாம்?
— ஒரு விவசாயி, சேத்தியாத்தோப்பு அருகே

பதில்: ஐயா, ஆலோசகரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே இருக்கும் கிணறு. அதை அளந்து எழுதி வையுங்கள்.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் நீள டேப்பின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து இறக்குங்கள். நீரில் நனைந்த இடம் வரை சுண்ணாம்பு நிறம் மாறியிருக்கும். கோட்டுக்கு நேராக இருந்த டேப் அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைத்துவிடும். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். முந்தின நாள் மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பக்கத்து வயல்காரர் இறைத்துக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். போரில் டேப் இறங்காது. அதற்குக் குழாய் எத்தனை அடியில் இருக்கிறது, மோட்டார் எத்தனை நிமிடத்தில் காற்றை இழுக்கத் தொடங்குகிறது என்று குறித்தாலே போதும். குழாயை இறக்கிய ஒவ்வொரு முறையும் மெக்கானிக் கொடுத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீர்மட்டம் இறங்கியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

நோட்டுப் புத்தகம் தாள் பிரிக்க முடியாத தைத்த நோட்டாக இருக்கட்டும். அடித்துத் திருத்தாதீர்கள், தவறு நேர்ந்தால் அடுத்த வரியில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை போதும். அமாவாசையன்று அளப்பதாக வைத்துக்கொண்டால் நாள் மறக்காது.